டைமிங் பெல்ட்: நாமளே மாத்தலாமா, மெக்கானிக்கிட்ட விடலாமா?

எஞ்சின்ல வால்வைத் திறக்குற கேம் ஷாஃப்டையும், பிஸ்டனோட சேர்ந்த கிராங்க் ஷாஃப்டையும் சரியா சேர்ந்து சுத்த வைக்கிற பல் பெல்ட்தான் டைமிங் பெல்ட். அதை நாமளே மாத்தினா கூலி மிச்சம், அது பெரிய விஷயம்தான். ஆனா கேம், கிராங்க் சக்கரத்துல இருக்கிற அடையாள மார்க் ஒரு பல் தள்ளிப் போனாலே எஞ்சின் ஒழுங்கா ஓடாது, இன்டர்ஃபியரன்ஸ் எஞ்சினா (வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்துக்கு மாறி மாறி வந்து போற வகை) இருந்து இன்னும் தள்ளிப்போச்சுனா பிஸ்டன் இடிச்சு வால்வு வளைஞ்சிடும், அப்புறம் எஞ்சினோட மேல்பாகமான ஹெட்டையே கழட்டணும். அதனால பெல்ட் மாட்டினதும் உடனே ஸ்டார்ட் பண்ணாம, கிராங்க கையாலயே 2 முழு சுத்து சுத்தி மார்க் திரும்ப சேருதானு பாருங்க, நடுவுல முட்டுச்சுனா பலமா தள்ளாதீங்க. டார்க் ரென்ச் (போல்ட்டை சரியான அளவுக்கு இறுக்குற ஸ்பேனர்), சர்வீஸ் மேனுவல் இல்லனா தொடவே வேணாம்.

மெக்கானிக்னா வேலைக்கு வாரண்டி எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், அது ஓடுற பாதையில தாங்குற ஐட்லர் உருளையையும், வாட்டர் பம்ப் அதே பெல்ட்ல சுத்துதுனா அதையும் சேத்தே மாத்தச் சொல்லுங்க, இல்லனா பம்ப் லீக் ஆனா மறுபடி அதே கூலி. முதல் தடவைனா நான் மெக்கானிக்கிட்டதான் விடுவேன்.