காயில்ஓவர் மாட்டப் போகும் நீலகிரிக்காரர்களே, "ஓட ஓட சத்தம் போயிரும்" என்று சொன்னால் நம்பாதீர்கள்

கோயம்புத்தூரில் ஒரு சஸ்பென்ஷன் கடையில் என் ஸ்விஃப்டுக்குக் காயில்ஓவர் செட் வாங்கி அங்கேயே மாட்டினேன். புதுசு என்று சொல்லி ஏற்கெனவே வேறு வண்டியில் ஓடிய செட்டைத் தலையில் கட்டினார்கள். மாட்டியதும் அரைகுறை வேலை. சத்தம் வருகிறது என்று போய் நின்றபோதெல்லாம் "அது அப்படித்தான்" என்று திருப்பி அனுப்பினார்கள். புகார் நடப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கத்துப் பசங்கள் பலர் இந்த வேலைக்குக் கீழே போய் வருவதைப் பார்க்கிறேன். அவர்கள் பணத்தைக் கட்டும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பெனி ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங் ஒரே உயரத்தில் நிற்கும். காயில்ஓவரில் ஷாக்கின் உடம்பிலேயே மரை வெட்டியிருக்கும். அதில் உள்ள வளையங்களைத் திருகி வண்டியை ஏற்றலாம், இறக்கலாம். தலையில் ஒரு குமிழ் இருக்கும். அதைக் கிளிக் கிளிக்காகத் திருப்பினால் ஷாக் இறுகும் அல்லது தளரும். ஸ்விஃப்டில் முன்பக்கம்தான் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக இருக்கும். பின்பக்கம் இரண்டும் தனித்தனி.

என் பழைய ஷாக் நான்கிலும் ஆயில் கசிந்துவிட்டது. ஐந்து பேர் உட்கார்ந்து மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறினால் கொண்டை ஊசி வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாயும், பின் சீட்டில் அம்மாவுக்குக் குமட்டும். கம்பெனி ஷாக்கையே மாற்றலாம் என்றுதான் கேட்கப் போனேன். கடைக்காரர் காயில்ஓவரைக் காட்டினார். "அண்ணா, மலையில ஏத்தி வச்சுக்கலாம், கீழ ஹைவேக்கு வந்தா இறக்கிக்கலாம்ங்ணா, பத்து நிமிஷ வேலை. ஏஆர்ஏஐ சான்று இருக்கு, ஒரு வருஷம் வாரண்டி." முக்கால் லட்சத்துக்கு மேல் ஆனது. புனேயில் இருக்கும் வாகனச் சோதனை நிறுவனமான ஏஆர்ஏஐயின் சான்று என்று சொன்னாரே, அந்தக் காகிதத்தை இன்று வரை யாரும் என் கண்ணில் காட்டவில்லை. பில்லில் "சஸ்பென்ஷன் செட்" என்று இரண்டே சொல். பார்ட் நம்பர் கிடையாது, சீரியல் நம்பர் கிடையாது.

அந்தப் பத்து நிமிஷப் பேச்சே பொய். உயரத்தை மாற்றினால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணம் மாறும், அதோடு டோ, அதாவது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, மாறும். ஒவ்வொரு தடவையும் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும், ஹெட்லைட் வெளிச்சம் விழும் இடத்தைச் சரிசெய்ய வேண்டும். மலைக்கு ஒரு உயரம், சமவெளிக்கு ஒரு உயரம் என்று வாராவாரம் யாராலும் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. இதைச் சொல்லி விற்கிறவர் அந்தப் பொருளை மாட்டி ஓட்டிப் பார்த்தவராக இருக்க முடியாது.

மாட்டிக்கொண்டு திரும்பிய அன்றே சத்தம் ஆரம்பித்துவிட்டது. பர்லியாறு தாண்டி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன்னால் "டங்" என்று கம்பி அதிர்கிற மாதிரி ஒன்று. குழியில் மெதுவாகப் போனால் "டக் டக்". வேகத்தடையில் ஏறி இறங்கும்போது சக்கரம் தொங்குகிற நொடியில் "கடக்". போனில் சொன்னேன். "காயில்ஓவர்னா சத்தம் இருக்கத்தாங்ணா செய்யும். ஓட ஓட செட் ஆயிரும்." மறுபடி கீழே இறங்கிப் போய்க் காட்டினேன். ஒரு பையன் பானெட்டைத் திறந்து குமிழ்களை நாலு திருகு திருகிவிட்டு, "இப்ப பாருங்ணா" என்றான். வண்டியை ஜாக்கியில்கூடத் தூக்கவில்லை. சத்தம் அப்படியே இருந்தது, போதாக்குறைக்கு வண்டி தூக்கிப் போட ஆரம்பித்தது.

கடைசியில் குன்னூரில், பல வருஷமாக அடிப்பாக வேலை மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவரிடம் விட்டேன். அவர் முதலில் வண்டியைத் தூக்கவே இல்லை. தரையில் நிற்க வைத்து என் மகனை உள்ளே உட்காரச் சொன்னார். "தம்பி, மெதுவா ரெண்டு பக்கமும் ஒடிக்கச் சொல்லு." சுருளுக்கு நடுவே விரல் போகாதபடி ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். ஸ்டியரிங் திரும்பத் திரும்ப ஸ்பிரிங் கூடவே சுழலாமல் முறுக்கேறுவது கையில் தெரிந்தது. ஒரு கட்டத்தில் படக்கென்று விடுபட்டது. அதுதான் அந்த "டங்". ஷாக்கின் தலையை வண்டியோடு பிடிக்கும் டாப் மவுண்டில் இருக்கும் பேரிங் சுழன்றால்தான் ஸ்பிரிங்கும் ஸ்ட்ரட்டும் (முன் ஷாக்கின் உடம்பும்) சேர்ந்து திரும்பும். என் வண்டியில் இடது பேரிங்கைத் தலைகீழாக வைத்துக் கோத்திருந்தார்கள், வலது பேரிங் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. புது செட்டில் துருப்பிடித்த பேரிங் எப்படி வரும்?

அப்போதுதான் அவர் டார்ச்சை அடித்து உயர வளையங்களைக் காட்டினார். வளையத்தைத் திருகும் சி ஸ்பேனர் கடித்த பழைய தழும்புகள். அந்தப் பள்ளங்களில் அலுமினியம் மங்கி, அழுக்கு ஏறியிருந்தது. இப்போது மாட்டியபோது விழுந்த கீறல் மட்டும் தனியாகப் பளபளத்தது. மரைக்குள் காய்ந்த செம்மண். எங்கள் ஊர் மண் அந்த நிறமில்லை. "இது வேற வண்டில ஓடிட்டு வந்ததுப்பா" என்றார். வாங்கும்போது வளையத்தின் பள்ளங்களையும் மரையின் அடிப்பாகத்தையும் பாருங்கள். புது செட்டில் அந்த இடங்களில் ஒரு தழும்பும் இருக்காது. பெட்டியைக் கடைக்காரர் உள்ளே கொண்டுபோய்ப் பிரிக்க விடாதீர்கள், உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள்.

ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தொங்கவிட்டதும் வலது ஸ்பிரிங்கை நான் இரண்டு விரலால் சுற்றினேன். அது சுற்றியது. சக்கரம் தொங்கும்போதும் ஸ்பிரிங் தன் இருக்கையில் இறுக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டும், அதைத்தான் பிரீலோடு என்கிறார்கள். என்னுடைய செட்டில் உயரத்தை மாற்றுவதற்கென்று அடிப் பிராக்கெட்டில் தனி மரை உண்டு. அதைத் திருகினால் ஸ்பிரிங்கைத் தொடாமலே வண்டி ஏறும், இறங்கும். இவர்கள் இரண்டு பக்க உயரத்தையும் ஒன்றாக்குவதற்கு அதை விட்டுவிட்டு வலது ஸ்பிரிங்கின் இருக்கையைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். வேகத்தடையில் சக்கரம் தொங்கும்போதெல்லாம் ஸ்பிரிங் இருக்கையை விட்டு எழும்பி மறுபடி வந்து இடித்திருக்கிறது. எஸ்டேட் ரோட்டுக்காக உயர்த்தச் சொல்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஷாக்கின் உடம்பு அடிப் பிராக்கெட்டுக்குள் எவ்வளவு மரை இறங்கியிருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் ஒரு குறைந்தபட்ச அளவு கொடுத்திருப்பார். அதற்கு மேல் உயர்த்தினால் சக்கரத்தைத் தாங்கிப் பிடிப்பது சில மரைகள் மட்டும்தான்.

"டக் டக்" சத்தத்தைப் பெரியவர் சீக்கிரம் பிடித்துவிட்டார். வளைவில் சாய்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் லிங்க் ராடு இரண்டையும் கழற்றிக் கட்டி வைத்துவிட்டு, பட்டறைக்கு வெளியே உள்ள குழிகளில் மெதுவாக ஓட்டினார். சத்தம் இல்லை. வண்டி தாழ்ந்து நின்றதால் கம்பெனி லிங்க்கின் நீளம் அதிகமாகிப்போய், அதன் ஜாயின்ட் கோணல் கடைசியில் முட்டியிருக்கிறது. குட்டை லிங்க் அல்லது நீளம் மாற்றக்கூடிய லிங்க் போட்டால் தீரும். செட் விற்கிறவர் முதல் நாளே சொல்ல வேண்டிய விஷயம் இது.

எல்லாச் சத்தமும் கோளாறு என்றும் சொல்ல மாட்டேன். இறுக்கமாக வைத்த ஷாக்கில் ஆயில் வால்வு வழியாகப் போகும் "உஸ்" ஒலி கேட்கும், அது இயல்பு. ரப்பர் மவுண்டை எடுத்துவிட்டு உலோக உருண்டை மவுண்ட் போட்டால் ரோட்டின் சலசலப்பு உள்ளே கொஞ்சம் கூடும், அதுவும் இயல்பு. இரும்பும் இரும்பும் இடிக்கிற சத்தம் எந்த ஷாக்கிலும் இயல்பு கிடையாது.

ஷாக்கின் தலை நட்டை ஏர் கன் வைத்து அடித்திருந்தார்கள். கன் அடித்தால் நட்டோடு சேர்ந்து உள்ளே ராடும் சுழலும், சீல் கெடும், குமிழோடு சேர்ந்த ஊசியும் கெடலாம். ராடை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு, கையால் இறுக்கி, டார்க் ரெஞ்சில் முடிக்க வேண்டிய இடம் அது. என் ஷாக்கில் ஆலன் கீ நுழையும் ஓட்டை உருண்டு போயிருந்தது. அதே பக்கம் ஆயில் கசிவு. பின் ஷாக்கின் அடி போல்டைச் சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டதால், வண்டி தரையில் நின்றபோது அதன் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு ஓரத்தில் கிழிந்திருந்தது. வண்டியின் எடை சக்கரத்தில் நிற்கும்போதுதான் அந்த போல்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். இதைப் பழகிய மெக்கானிக் எல்லோருக்கும் தெரியும்.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்வேன். பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாயான பிரேக் ஹோஸைப் பார்த்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. ஹோஸைப் பிடித்திருக்க வேண்டிய பிராக்கெட் ஸ்ட்ரட்டில் பூட்டப்படவே இல்லை. ஏபிஎஸ் ஒயரோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் டையால் கட்டியிருந்தார்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் ஹோஸ் டயரின் உள்பக்கத்தில் போய் உரசியது. உரசிய இடத்தில் மேல் ரப்பர் போய், உள்ளே பின்னிய நூல் வெளியே தெரிந்தது. அதற்குள் இருக்கும் மெல்லிய குழாய் கிழிந்தால் பிரேக் ஆயில் வெளியே போய்விடும். மேட்டுப்பாளையம் ரோட்டில் 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங் ஒடிகிறது, ஒவ்வொன்றிலும் பிரேக் மிதிக்கிறோம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி ரோட்டில் 36. வெளியூர் வண்டிகளை அந்த வழியாக இறங்க விடுவதில்லை, ஆனால் நம் நீலகிரிப் பதிவு டிஎன் 43 வண்டிகள் இறங்குகின்றன. அந்த ஹோஸோடு என் பிள்ளைகளை உட்கார வைத்து அனுப்பியவர்களை நான் எப்படி விடுவேன்?

குமிழ் விஷயம் கொஞ்சம். வலதும் இடதும் வேறு வேறு கிளிக்கில் இருந்தன. முழு இறுக்கம் வரை மெதுவாகத் திருகி, முட்டியதும் பலம் போடாமல் நிறுத்தி, அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே எண் வர வேண்டும். மலையில் நிறைய இறுக்கினால் நல்ல பிடிப்பு கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். நம் ரோடு ஒட்டுப் போட்ட ரோடு, மழைக்காலத்தில் ஈரம் காயாது. இறுக்கிய ஷாக்கில் சக்கரம் ஒட்டுகளின் மேல் குதித்து ரோட்டை விட்டுவிட்டுப் பிடிக்கும், ஈர வளைவில் அது வழுக்கலாக முடியும். தளர்ந்த நிலையிலிருந்து ஆரம்பித்து, முன்னும் பின்னும் தனித்தனியாக, இரண்டிரண்டு கிளிக்காக ஏற்றிப் பார்ப்பதே சரி. அலைன்மென்டுக்கும் பணம் வாங்கினார்கள். முன்பு, பின்பு காட்டும் அச்சுத் தாளைக் கேட்டதற்கு "பிரிண்டர் ஓடல" என்றார்கள். டயரின் உள் ஓரம் தேய்ந்து வந்ததே அதற்குச் சாட்சி. தாள் தராத அலைன்மென்டுக்குப் பணம் தராதீர்கள்.

கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் கேட்டேன். "ஸ்கிராப்புல போட்டாச்சுங்ணா." அவை என் பொருள். ஷாக் கெட்டதுதான், ஆனால் ஸ்பிரிங் நான்கும் நன்றாக இருந்தன. அவற்றைப் புதிதாக வாங்கி, கம்பெனி ஷாக்கோடு மாட்டி, வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். இப்போது வளைவில் எந்தச் சத்தமும் இல்லை.

சட்டப் பக்கம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்சியில் உள்ளது மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. உயரத்தில் கை வைக்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "எல்லாரும் மாட்டுறாங்கண்ணா" என்ற பதில் விபத்து நடந்தபின் உதவாது.

ஏமாந்தவர்கள் கோயம்புத்தூருக்கு அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நீலகிரிக்காரர்களுக்கு உதகமண்டலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். பொருளுக்கும் சேவைக்கும் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள். பில், வாட்ஸ்அப் உரையாடல், சத்தத்தின் வீடியோ எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். வண்டியைத் திறந்து பார்க்கிற மெக்கானிக்கிடம், கண்டதை லெட்டர் பேடில் எழுதி வாங்குங்கள். குன்னூர்ப் பெரியவர் ஒரு மறுப்பும் சொல்லாமல் எழுதிக் கொடுத்தார்.

நோட்டீஸ் போனபிறகு கடையிலிருந்து போன் வந்தது. பழைய செட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் வேறு "புது" செட் மாட்டித் தருவார்களாம், புகாரை விட்டுவிட வேண்டுமாம். முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்த செட் ஆணையத்தில் காட்ட வேண்டிய ஆதாரம். திருப்பிக் கொடுத்தால் துடைத்து எடுத்து இன்னொருவர் வண்டியில் மாட்டிவிடுவார்கள், அதற்கு நான் இடம் கொடுக்க மாட்டேன்.