ஓராண்டில் முழு வேதாகமமா, தினம் ஒரு நீதிமொழி அதிகாரமா?

புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் (பைபிளில்) 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். ஓராண்டில் முடிக்க தினமும் மூன்று, நான்கு அதிகாரங்கள் வாசிக்க வேண்டும். முதல் புத்தகமான ஆதியாகமம் ஓடிவிடும், சட்டங்கள் நிறைந்த லேவியராகமத்தில்தான் பலர் நின்றுபோகிறார்கள். இரண்டு நாள் விட்டால் ஆறேழு அதிகாரம் பாக்கி, அப்புறம் வாசிப்பு கடன் அடைப்பதுபோல் ஆகிவிடுகிறது. ஆனாலும் ஆபிரகாம் முதல் அப்போஸ்தலர்வரை ஒரே தொடர்ச்சியாகத் தெரிவது இதில்தான்.

வேதாகமத்தின் ஒரு புத்தகமான நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள். தேதியைப் பார்த்துத் திறந்தால் போதும்; ஒரு நாள் தவறினாலும் பாக்கி சேராது. 15ஆம் தேதி காலையில் “மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்” என்று வாசித்துவிட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பும் அவசரத்தில் குரலை உயர்த்த வந்தவள் அடக்கிக்கொண்டிருக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். முழு வாசிப்பும் வேண்டுமா? சரி, இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டுங்கள்; நாளுக்கு இரண்டு அதிகாரம்கூட வராது.