"நாளையிலிருந்தே எதையும் கடிக்கலாம்" என்று சொல்லும் பல் கிளினிக்குகள்: ஓர் எச்சரிக்கை

பல் போன இடத்தில் தாடை எலும்புக்குள் திருகிப் பதிக்கும் டைட்டானியம் ஸ்க்ரூதான் இம்பிளான்ட். அதை வைக்கும் அன்றே மேலே பல்லையும் மாட்டிவிட்டு, "நாளையிலிருந்து எதை வேண்டுமானாலும் கடித்துச் சாப்பிடலாம்" என்று ஒரு கிளினிக்கில் சொன்னால், தயவுசெய்து அங்கே பணம் கட்டாதீர்கள். எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். கீழ்த்தாடையில் ஒரே ஒரு கடைவாய்ப்பல். அவர்கள் வைத்த இம்பிளான்ட் இப்போது என் வாயில் இல்லை.

சிகிச்சை முடிந்ததும் கையில் கொடுத்தது மாத்திரைச் சீட்டும் அடுத்து வரவேண்டிய தேதியும் மட்டும்தான். எப்படிச் சாப்பிட வேண்டும் என்று நானாகத்தான் கேட்டேன். "வழக்கம்போலச் சாப்பிடுங்க, இது டைட்டானியம், உங்க சொந்தப் பல்லைவிட ஸ்ட்ராங்" என்றார்கள். டைட்டானியம் உறுதியானதுதான், அதில் பொய் இல்லை. ஆனால் அது நிற்கிற தாடை எலும்பு அன்று காலையில்தான் துளைக்கப்பட்டிருந்தது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரேனமார்க் என்பவர்தான் டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளர்கிறது என்பதை 1950களில் கண்டறிந்து, 1965இல் அந்த முறையில் முதல் நோயாளிக்குப் பல் இம்பிளான்ட் வைத்தவர். அவருடைய முறையில் கீழ்த்தாடைக்குச் சுமார் 3 மாதம், மேல்தாடைக்குச் சுமார் 6 மாதம் கடிக்கும் சுமையே ஏற்றாமல் காத்திருப்பார்கள். இப்போது ஸ்க்ரூவின் மேற்பரப்பை மேம்படுத்திவிட்டதால் காத்திருக்கும் காலம் பலருக்குக் குறைந்திருக்கிறது. எலும்பு நன்றாக இருந்தால் அன்றே பல் மாட்டுவதும் நடக்கிற காரியம்தான். ஆனால் அப்படி மாட்டுவது தற்காலிகப் பல். பார்வைக்குத்தான் அது, மெல்லுவதற்கு இல்லை. தனி ஒரு பல் என்றால், அது எதிர்ப்பல்லைத் தொடாதபடி உயரத்தைக் குறைத்து வைக்க வேண்டும்.

இதில் நான் மிக முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வைத்த புதிதில் ஸ்க்ரூ எலும்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிறகு அதைச் சுற்றியிருக்கும் பழைய எலும்பு கரைந்து புது எலும்பு வளரத் தொடங்கும். பழைய பிடி தளர்ந்து, புதுப் பிடி இன்னும் வராத அந்த இடைவேளை பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்துக்குள் வருகிறது. நமக்கு வலி, வீக்கம் எல்லாம் போய், தையலும் பிரித்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றுவதும் அதே நாட்களில்தான். அந்த நேரத்தில் கடியின் அழுத்தத்தால் ஸ்க்ரூ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அசைந்துகொண்டிருந்தாலே போதும், எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்துவிடும். அப்புறம் எத்தனை மாதம் காத்திருந்தாலும் அது ஒட்டாது.

எனக்கு நடந்தது அதுதான். முதலில் அந்தப் பல் மட்டும் கொஞ்சம் உயரமாக இருப்பதுபோல் தோன்றியது. வாயை மூடினால் முதலில் அதுதான் மேல்பல்லில் இடிக்கும். போன் செய்து சொன்னேன். "பழகிவிடும்" என்றார்கள். சில வாரங்களில் நாக்கால் தள்ளினாலே மெல்ல அசைந்தது. நேரில் போனால் பேச்சே மாறிவிட்டது: "கெட்டியா எதையோ கடிச்சிருக்கீங்க, எங்க பொறுப்பில்லை." நான் கையெழுத்திட்ட படிவத்தை எடுத்துக் காட்டினார்கள். பொடி எழுத்தில், கடைசிப் பக்கத்தில், மென்மையான உணவே உண்ண வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதன் நகலை எனக்குக் கொடுக்கவே இல்லை. வாயால் சொன்னதோ நேர் எதிர். பணத்தில் ஒரு பைசா திரும்ப வரவில்லை.

வேறொரு பல் மருத்துவரிடம் போனேன். நீலநிறத் தாள் ஒன்றைப் பற்களுக்கு நடுவே வைத்துக் கடிக்கச் சொன்னார். கண்ணாடியில் காட்டினார்: பக்கத்துப் பற்களில் லேசான புள்ளிகள், தற்காலிகப் பல்லின் நடுவில் மட்டும் அப்பியதுபோல் கருநீலத் திட்டு. மொத்தக் கடியையும் அந்த ஒற்றைப் பல்தான் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் ஸ்க்ரூவைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு, அதாவது எலும்பு ஒட்டவில்லை. கழற்றும்போது பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. இடப்பக்கம் திருப்பியதும் சுலபமாகச் சுழன்று வெளியே வந்துவிட்டது. வலிகூட இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

இன்னொரு விஷயம். ஒவ்வொரு இம்பிளான்டின் பெட்டியிலும் அதன் தயாரிப்பு, அளவு, லாட் எண் எல்லாம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஒன்று நம் கையில் இருக்க வேண்டும். எனக்குத் தரவில்லை, கேட்டபோதும் மழுப்பினார்கள். அந்த விவரம் இல்லாவிட்டால், பிற்காலத்தில் பல்லை இம்பிளான்டோடு பிணைக்கும் சின்ன ஸ்க்ரூ தளர்ந்தால் வேறு மருத்துவருக்கு எந்தக் கருவி பொருந்தும் என்று தெரிந்துகொள்வதே பெரும்பாடு.

எலும்பு ஆறியபின் இரண்டாவது மருத்துவரிடம் மறுபடியும் வைத்துக்கொண்டேன். உணவைப் பற்றி மட்டுமே நிறைய நேரம் பேசினார். முதல் நாள் சூடாக எதுவும் வேண்டாம், ஸ்ட்ரா வைத்து உறிஞ்ச வேண்டாம், உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடும். அதன்பின் பல வாரங்களுக்கு முள்கரண்டியால் அழுத்தினால் நசுங்குகிற உணவு மட்டும், அதுவும் மறுபக்கத்தில் மென்று. புகை கூடவே கூடாது. இரவில் பல் கடிக்கும் பழக்கம் உண்டா என்றும் கேட்டார். உள்ளவர்களுக்குத் தூங்கும்போது மாட்டிக்கொள்ள ஓர் உறை செய்து தருவார்களாம். முதல் இடத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை.

நிரந்தரப் பல் மாட்டிய பிறகும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சொந்தப் பல்லின் வேரைச் சுற்றி மெத்தை மாதிரி ஒரு நார்ப்படலம் உண்டு. கல்லைக் கடித்தால் சட்டென்று வாய் திறந்துகொள்வது அது அனுப்பும் உணர்வால்தான். இம்பிளான்டுக்கு அந்தப் படலம் கிடையாது. எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்பது சரியாகத் தெரியாது. அதனால் ஐஸ்கட்டி, எலும்பு, கெட்டி மிட்டாய் எல்லாம் அந்தப் பக்கம் போகக்கூடாது. மேலே உள்ள செராமிக் உடையலாம், உள்ளே பல்லைப் பிணைக்கும் சின்ன ஸ்க்ரூ தளரலாம். மென்மையானதில் தொடங்கி, மெதுவாகத்தான் கடினமானதற்குப் போக வேண்டும். பக்கத்துப் பல்லுக்கும் அதற்கும் நடுவே உணவு மாட்டினால் அன்றன்றே சின்ன இடைப்பல் பிரஷ்ஷால் எடுத்துவிட வேண்டும். செயற்கைப் பல் சொத்தையாகாது, ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் அழற்சியால் கெடும்.

இப்போது யாருக்காவது புதிதாக வைத்திருந்து, வாயை மூடும்போது அந்தப் பல்தான் முதலில் இடிக்கிறது என்றால், அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள். உடனே போய், நீலத் தாள் வைத்துப் பார்த்து உயரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. "பழகிவிடும்" என்று சொன்னால் அதற்கு அடுத்த நிமிடமே வேறு மருத்துவரைப் பாருங்கள்.