தூசி இழுக்கும் இயந்திரமும் கழன்றுவிழும் முனையும்

மோட்டார் மாற்றிய வேக்குவம் போன வாரம்தான் வீடு திரும்பியது. அதே வாரம் இங்கே டர்பனிலேயே இருக்கும் ஃபீனிக்ஸிலிருந்து மருமகன் கேட்டான்: "மாமா, நீங்கள் வைத்திருக்கும் இயந்திரத்தின் விலையைக் குறைத்திருக்கிறார்கள், வாங்கட்டுமா?" ஒற்றை வரியில் முடிகிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு கராஜில், கார் நிற்க வேண்டிய இடத்தில் என் வேலைமேசை நிற்கிறது. காவடிச் சட்டம், மணைப்பலகை, பேரப்பிள்ளைகளுக்கு வண்டி என்று ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். அன்றாட வேலைக்கு பைன், ஆசைக்குக் கியாட். கியாட் நம் ஊர் வேங்கைக்கு உறவுக்கார மரம். இழைத்தால் மெருகு அப்படி ஏறும். ஆனால் அதன் நுண்தூள் மூக்கை அரிக்கும், சிலருக்கு மூச்சிழுப்பையே கிளப்பிவிடும். பொதுவாகவே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-லேயே வைத்துவிட்டது.

எனக்கு அதை உணர்த்தியது முகமை அல்ல, காமாட்சி விளக்கு. கராஜுக்கும் சுவாமி அறைக்கும் நடுவே ஒரே ஒரு கதவு. நான் சாண்டரை, அதாவது உப்புத்தாள் பூட்டிய மின்தேய்ப்பானை, ஓட்டிய மறுநாள் காலையில் விளக்கு எண்ணெயின்மேல் மெல்லிய ஆடை படிந்திருக்கும். மனைவி ஒரு வார்த்தை பேசமாட்டாள். எண்ணெயைக் கொட்டிவிட்டு விளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பாள். அந்தத் தேய்ப்பில் சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

கண்ணுக்குத் தெரிகிற தூள் தரையில் விழுந்துவிடும். பத்து மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே உள்ளதுதான் மணிக்கணக்காக மிதந்து, கதவிடுக்கில் நுழைந்து, நெஞ்சுக்குள்ளும் இறங்குகிறது. துடைப்பத்தை எடுத்தால் அடங்கியதையும் எழுப்பிவிடுவோம். கிளம்பும் இடத்திலேயே இழுத்துக்கொள்வதுதான் வழி. இந்த இயந்திரம் அதைச் செய்கிறது. எண்ணெய் தெளிந்துவிட்டது. 2023-இல் மின்வெட்டு நேரங்களில் உப்புத்தாளைக் கையில் பிடித்துத் தேய்த்தேன். மறுநாளே ஆடை திரும்பி வந்தது. வேறு சான்று எனக்கு வேண்டாம்.

மோட்டார் எரிந்தது என் கஞ்சத்தனத்தால். உள்ளே போட வேண்டிய பையின் விலையைப் பார்த்து, பை இல்லாமலே ஓட்டினேன். டர்பனின் பிப்ரவரி ஈரத்தில் தூள் ஃபில்டரின் மடிப்புகளில் அடைபோல் அப்பிக்கொண்டது. இந்த வகையில் இழுக்கும் காற்றேதான் மோட்டாரையும் குளிர்விக்கிறது. காற்று நின்றால் மோட்டார் வெந்துபோகும். இப்போது பையும் போடுகிறேன், நடுவில் பெயிண்ட் வாளியின்மேல், காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் ஒரு சைக்ளோன் கூம்பும் வைத்திருக்கிறேன். பெருந்தூள் வாளியில் இறங்கிவிடுகிறது. நுண்தூளில் ஒரு பங்கு தப்பித்து ஃபில்டர்வரை போகத்தான் செய்யும், ஆகவே முகக்கவசத்தையும் விடவில்லை.

இதுவரை சொன்னது எல்லாம் பாராட்டுத்தான். இனி அந்த முனை.

ஹோஸின் முனையும் சாண்டரின் தூசிவாயும் சேராது. மூன்று மில்லிமீட்டர் இடைவெளி. பெட்டியோடு வந்த ரப்பர் இணைப்பான் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகிறது. என் கையில் இருக்கும் எந்தக் கருவிக்கும் அதில் ஒரு படி இல்லை. ஒருவனுக்கொருவன் பேசாத கம்பெனிக்காரர்கள் ஆளுக்கொரு அளவு வைத்துக்கொண்டால், நடுவில் நிற்பவன் என்ன செய்வான்? பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றினேன். இருபது நிமிடம் தாங்கும். அதிர்விலும் சூட்டிலும் நழுவி, சரியாக நான் குனிந்திருக்கும்போது கழன்றுவிழும். மூன்று வருடமாக இதே கதை. கள்ளிப்பெட்டிக்குக்கூட மூடி பொருந்துகிறது.

இன்று காலை காவடியின் வளைவை 240-ஆம் நம்பர் தாளில் முடித்துக்கொண்டிருந்தேன். கடைசி ஒரு சாண் பாக்கி. கழன்றது. கண்ணாடி, மீசை, எண்ணெய் தேய்க்கத் தயாராக வைத்திருந்த கியாட் மணை, எல்லாம் ஒரே பழுப்பு.

ஆகவே, மருமகனே, வாங்காதே. உன் அத்தையைக் கேட்டால் வாங்கு என்பாள். அவள் ஒரு நாளும் அந்த ஹோஸைப் பிடித்ததில்லை.