டர்ஹமா, யார்க்கா?

லண்டனிலிருந்து வடக்கே போகும் ஒரே ரயில் பாதையில் இரண்டு ஊர்களும் வருகின்றன. இரண்டிலும் பழைய கதீட்ரல் (பிஷப்பின் தலைமைத் தேவாலயம்) உண்டு. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் என் ஓட்டு டர்ஹமுக்கு. 1093-இல் தொடங்கிய கட்டடம். உள்ளே நுழைந்ததும் நம்மை நின்று பார்க்கவைப்பவை தூண்கள்: ஒன்றில் நெளிகோடு, அடுத்ததில் சாய்சதுரம் என்று கல்லில் ஆழமாகச் செதுக்கியிருக்கிறார்கள். வாசற்கதவில் சிங்கமுக வளையம். அந்தக் காலத்தில் குற்றவாளி அதைத் தட்டினால் 37 நாள் அடைக்கலம். (இப்போது தொங்குவது நகல்தான்.) நுழைவு இலவசம், காணிக்கை உங்கள் விருப்பம்.

யார்க்கின் கதீட்ரலான யார்க் மின்ஸ்டருக்கு டிக்கெட் உண்டு, விலையும் கொஞ்சம் உறைக்கும். ஆனால் வண்ணக் கண்ணாடி என்றால் யார்க்தான். 1408-இல் முடிந்த கிழக்குச் சன்னல் ஏறக்குறைய ஒரு டென்னிஸ் மைதான அளவு. முட்டி ஒத்துழைத்தால் 275 படி ஏறிக் கோபுரமும் பார்க்கலாம். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமா? மாலை வழிபாட்டுக்குப் போய் உட்காருங்கள், டிக்கெட் கேட்கமாட்டார்கள். சுற்றிப் பார்க்கத்தான் முடியாது.