பழைய புலமைப்பரிசில்காரர் சங்கம்: சந்தா கட்டலாமா?

ஏ.எல் படிக்கிற பிள்ளைகளுக்கு மாதாமாதம் பணம் போடுகிற திட்டம் ஒன்றில் நானும் ஒரு காலத்தில் பாஸ் புத்தகமும் கையுமாக நின்றவள். அதில் படித்து வெளியேறியவர்களுக்கு மட்டக்களப்பில் ஒரு சங்கம் இருக்கிறது. குறையும் சொல்லப் போவதால் பெயரைப் போடவில்லை. மூன்று வருடமாகச் சந்தா கட்டுகிறேன்.

வருடாந்தப் பொதுக்கூட்டம் சுத்த வீண். பதாகை, பொன்னாடை, மூன்று மணி நேரப் பேச்சு, கடைசியில் ஆறிப்போன புரியாணிப் பார்சல். கணக்கறிக்கை மட்டும் 'அடுத்த முறை'. வட்ஸ்அப் குழுவில் விடிந்தால் ரோஜாப்பூ. போன வருடம் கொடுத்த காசுக்கு ரசீது வர ஐந்து மாதம், அதுவும் நான்கு தடவை கேட்ட பிறகு.

பிறகு ஏன் இன்னும் இருக்கிறேன் என்றால், சனிக்கிழமைக்காக.

கல்லடியில் ஒரு டியூஷன் கொட்டிலில் நாலைந்து பேர் உட்கார்ந்து, கம்பஸுக்குத் தெரிவான பிள்ளைகளுக்கு மகாபொல, அதாவது பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு மாதாமாதம் கிடைக்கிற புலமைப்பரிசில், அதற்கான விண்ணப்பம் நிரப்ப உதவுவார்கள். 1981 இலிருந்து நடக்கிற திட்டம், இதில் உதவ என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். மண்டூரிலிருந்து ஒரு பிள்ளை வந்தது, வாவியைக் கடக்கிற பாதைப் படகில் ஏறி குருமண்வெளிக்கு, அங்கிருந்து பஸ். சான்றிதழ் எல்லாம் ஒரு ஷொப்பிங் பேக்கில். வருமானப் பகுதியை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாள். "அக்கா, அப்பாக்கு ஒரு நாளைக்கு இறால் படும், ஒரு நாளைக்கு ஒண்டும் படாது. மாச வருமானம் எண்டு எதைப் போடுற?" எனக்குப் பதில் வரவில்லை. பக்கத்தில் இருந்த அண்ணா ஒரு பழைய கலண்டர் தாளைத் திருப்பி, பட்ட நாள், படாத நாள், வலைச் செலவு, மண்ணெண்ணெய் என்று அவளிடமே கேட்டுக் கேட்டு முக்கால் மணி நேரம் கூட்டிக் கழித்தார். அப்புறம் அந்தத் தாளையும் விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுத்தார், கிராம சேவகர் கேட்டால் காட்டச் சொல்லி.

இன்னொன்று கைமாற்று. மகாபொல 2025 பட்ஜெட்டில் 5,000 இலிருந்து 7,500 ரூபாய் ஆனது, சந்தோசம்தான். ஆனால் பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ போகிற பிள்ளையிடம் போர்டிங்காரர் முற்பணத்தை முதல் நாளே கேட்பார், பணம் வரும் வரைக்கும் பொறுக்கமாட்டார். அந்த இடைவெளிக்குச் சங்கம் வட்டியில்லாமல் கொடுக்கிறது, பிள்ளைகளும் பெரும்பாலும் திருப்பித் தருகிறார்கள். இதற்காகத்தான் மாதம் 500 ரூபாய்க்கு வங்கியில் ஸ்டாண்டிங் ஓடர் போட்டிருக்கிறேன். அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தானே ஒரு பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கலாம், ஒரு தடவை பெரிய தொகை தந்து போட்டோ எடுத்துவிட்டுக் காணாமல் போகிறவர்களை நம்பி அது முடியாது.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் காசில் குறை வைப்பதில்லை, ஆளைத்தான் பிடிக்க முடியாது. கட்டாரில் இருக்கிற ஒரு தம்பி மட்டும் வெள்ளிக்கிழமைகளில் வாழைச்சேனைப் பெடியன் ஒருவனுக்கு போனில் கணிதம் சொல்லிக் கொடுக்கிறான்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். சேருகிறவர்கள் ரசீதை அந்த இடத்திலேயே எழுதி வாங்குங்கள். குழுவை மியூட் பண்ணுங்கள். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வரும்போது ஒரு ஸ்டேப்ளரும் கொண்டு வாருங்கள், அங்கே இருப்பது மூன்று மாதமாக அடிக்குதில்லை.