பள்ளிக்கும் பெற்றோருக்கும் நடுவே வாட்ஸ்அப்: சட்ட நோக்கில் ஒரு மதிப்பீடு

வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு என்பது இன்று பல பள்ளிகளில் எழுதப்படாத விதியாகிவிட்டது. விடுமுறை அறிவிப்பு, வீட்டுப்பாடம், தேர்வு அட்டவணை, விளையாட்டு விழாப் படங்கள், பேருந்துத் தாமதம் என எல்லாமே அதன் வழியாகப் போகின்றன. பள்ளியொன்றின் தகவல் தொடர்புப் பணியைக் கவனித்துவருபவன் என்ற முறையில், மாணவர்கள் தொடர்பான சட்டப் பொறுப்புகளைப் பள்ளி நிறைவேற்ற இந்தச் செயலி எவ்வளவு தூரம் துணை நிற்கிறது என்ற ஒரே அளவுகோலால் இதை மதிப்பிட விரும்புகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறிவிப்புப் பலகையாக வாட்ஸ்அப் நன்றாகவே பயன்படுகிறது. உரையாடும் களமாகவும் படக் கிடங்காகவும் அதைத் திறந்துவிட்டால் பொறுப்பு முழுவதும் பள்ளியின் மேல் விழுகிறது. அந்தப் பொறுப்பை நிறைவேற்றத் தேவையான கட்டுப்பாடு மட்டும் பள்ளியின் கையில் இருப்பதில்லை.

நிறைகளைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. புதிதாக ஒரு செயலியை நிறுவச் சொன்னால் பாதிப் பெற்றோர் நிறுவ மாட்டார்கள். வாட்ஸ்அப் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தயங்கும் பெற்றோருக்குக் குரல் செய்தி பெரிய உதவி. 2016 முதல் செய்திகள் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் மட்டுமே புரியும்படி முழுமையாக மறையாக்கம் செய்யப்படுகின்றன. மழை வலுத்துப் பள்ளியை முன்கூட்டியே மூட நேரும் நாளில், இதைவிட விரைவாகப் பெற்றோரைச் சென்றடையும் வழியை நான் அறியேன்.

ஆனால் மறையாக்கம் காப்பது வழியில் செல்லும் செய்தியைத்தான். செய்தி போய்ச் சேர்ந்த ஒவ்வொரு கைபேசியிலும் என்ன ஆகிறது என்பதில்தான் பள்ளியின் சட்டச் சிக்கல் தொடங்குகிறது. வழக்கமான குழுவில் உறுப்பினர் ஒவ்வொருவரின் தொலைபேசி எண்ணும் மற்ற அனைவருக்கும் தெரியும். பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் ஒரு தாய் தன் எண்ணைத் தந்தது பள்ளி தன்னை அழைப்பதற்காகவே அன்றி, அறிமுகமில்லாத பலர் அதைச் சேமித்துக்கொள்வதற்காக அன்று. ஒரு நோக்கத்துக்குப் பெற்ற தகவலை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் அடிப்படைகளுள் ஒன்று. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதலைக் குறிப்பிட்ட நோக்கத்தோடு பிணைக்கிறது; 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தைகளாகக் கொண்டு, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது; குழந்தைகள் தொடர்பான கடமைகளை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகியுள்ள நிலையில், குழு தொடங்குமுன் பெற்றோரிடம் கையொப்பமிட்ட ஒப்புதல் பெறுவதை இனியும் தள்ளிப்போடுவதற்குக் காரணமே இல்லை.

வயது வரம்பிலும் தெளிவு வேண்டும். வாட்ஸ்அப் தன் பயனர்களுக்கு விதித்திருக்கும் குறைந்தபட்ச வயது 13. ஐரோப்பாவில் 2018இல் 16 என உயர்த்தி, 2024 ஏப்ரலில் மீண்டும் 13 ஆக்கினார்கள். பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை 2025 டிசம்பரில் தடுத்த ஆஸ்திரேலியச் சட்டம், செய்தியனுப்பும் செயலிகளுக்கு விலக்களித்ததால் வாட்ஸ்அப் அதற்குள் வரவில்லை. இந்த விலக்கைப் பாதுகாப்புச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆறாம் வகுப்பு மாணவர்களையே உறுப்பினர்களாக்கி ஒரு பள்ளி குழு நடத்தினால், செயலியின் சொந்த விதியை மீறும்படி அந்தப் பள்ளியே குழந்தைகளைத் தூண்டுகிறது என்றுதான் பொருள். தனிப்பட்ட பயன்பாடு அல்லாத பயன்பாடுகளுக்குத் தன் அனுமதி தேவை என்று வாட்ஸ்அப்பின் சேவை விதிமுறைகள் கூறுவதும், பள்ளி நிர்வாகிகள் பெரும்பாலும் படிக்காமல் கடந்துவிடும் ஒரு வரி.

எனக்கு மிகுந்த கவலை தருவது படங்கள்தாம். ஆண்டுவிழா முடிந்த இரவே வகுப்பாசிரியர் ஐம்பது படங்களைக் குழுவில் பதிவேற்றுகிறார். செயலியின் இயல்பான அமைப்பை மாற்றாத கைபேசிகளில் அவை தாமாகவே சேமிப்பகத்துக்குள் இறங்கி, குடும்பப் படங்களோடு கலந்து, அங்கிருந்து வேறு குழுக்களுக்கும் முகநூலுக்கும் போகின்றன. தன் குழந்தையின் படத்தைப் பெற்றோர் எங்கு வெளியிட்டாலும் அது அவர் உரிமை. ஆனால் அதே படத்தில் பக்கத்தில் நிற்கும் இன்னொரு குழந்தைக்காக முடிவெடுக்க அவருக்கு உரிமை இல்லை. மணமுறிவு வழக்கில் நீதிமன்றம் ஒரு பெற்றோரிடமிருந்து விலக்கிவைத்த குழந்தை, வன்முறைக்கு அஞ்சித் தாயுடன் ஊர் மாறி வந்த குழந்தை, காப்பகத்திலிருந்து பள்ளிக்கு வரும் குழந்தை என யாரேனும் எந்த வகுப்பிலும் இருக்கக்கூடும். சீருடையும் பள்ளிப் பெயரும் தெரியும் ஒரு படம், அந்தக் குழந்தை எங்கே இருக்கிறது என்பதைத் தேடுபவருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். இந்தியச் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை, குற்றத்துக்கு ஆளான குழந்தை, சாட்சியான குழந்தை ஆகியோரின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் எவ்வகைத் தொடர்பு வடிவத்திலும் வெளிப்படுத்தக் கூடாது என்கிறது. செய்தித்தாளுக்கு மட்டுமான தடை என்று இதைப் படிப்பவர்கள் 'எவ்வகைத் தொடர்பு வடிவத்திலும்' என்ற சொற்களை மறுபடி படிக்க வேண்டும்.

படங்களில் பதிப்புரிமை என்ற இன்னொரு முடிச்சும் உண்டு. ஜெர்மனியில் ஒரு மாணவர், கோர்தோபா நகரின் புகைப்படம் ஒன்றைப் பயணத் தளமொன்றிலிருந்து எடுத்துத் தன் வகுப்புக் கட்டுரையில் சேர்த்தார். பள்ளி அந்தக் கட்டுரையைத் தன் இணையதளத்தில் ஏற்றியது. வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை சென்றது. புகைப்படம் வேறிடத்தில் எவரும் பார்க்கும்படி இருந்தாலும், அதை நகலெடுத்துத் தன் தளத்தில் வைக்கப் புகைப்படக்காரரின் அனுமதி வேண்டும் என்று 2018 ஆகஸ்டில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோக்கம் கல்வியே, ஆனாலும் பள்ளி தப்பவில்லை. குழுவுக்கு வரும் பாடநூல் நகல்களையும் பயிற்சி நிறுவனங்களின் வினாத்தாள் கோப்புகளையும் யோசிக்காமல் அனைவருக்கும் அனுப்பும் ஆசிரியர்கள் இந்த வழக்கை அறிந்திருக்க வேண்டும்.

ஆவணப் பராமரிப்பில் வாட்ஸ்அப்புக்கு நான் மிகக் குறைந்த மதிப்பெண்ணே தருவேன். குழு ஆசிரியரின் சொந்த எண்ணில் இயங்குகிறது. அவர் பணி மாறிச் சென்றால் உரையாடல்களும் அவரோடு போகின்றன. ஒரு பெற்றோர் முறைப்படி புகார் தந்து, தன் குழந்தையைப் பற்றி இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டதைக் கேட்டால், பள்ளியிடம் காட்ட எதுவும் இராது. ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயர் பொதுச் சுகாதார அமைப்பில் 2020 ஏப்ரல் முதல் 2022 ஏப்ரல் வரை 26 ஊழியர்கள் ஒரு வாட்ஸ்அப் குழுவில் நோயாளிகளின் விவரங்களை 500க்கும் மேற்பட்ட முறை பகிர்ந்தனர். ஊழியர் அல்லாத ஒருவரும் தவறுதலாக அந்தக் குழுவில் சேர்க்கப்பட்டார். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2023இல் அந்த அமைப்பை முறைப்படி கண்டித்தது. அது மருத்துவத் துறையில் நடந்தது என்றாலும், ஆசிரியர்களுக்கான உள்குழுவில் மாணவரின் மதிப்பெண்ணும் மருத்துவக் குறிப்பும் குடும்பச் சூழலும் பேசப்படும் பள்ளிக்கு அதில் அப்படியே பாடம் இருக்கிறது. யாருக்கும் தீங்கு நினைக்காத, வேலையை விரைந்து முடிக்க விரும்பியவர்களால்தான் அந்த மீறல் நிகழ்ந்தது.

ஆசிரியரும் மாணவரும் தனித்தனியே செய்தி பரிமாறிக்கொள்வதைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. அது கூடாது. பாடச் சந்தேகமாக இருந்தாலும் பெற்றோரோ இன்னொரு ஆசிரியரோ உடனிருக்கும் குழுவில்தான் கேட்க வேண்டும். இந்த ஏற்பாடு மாணவரைக் காக்கும் அளவுக்கு ஆசிரியரையும் பொய்க் குற்றச்சாட்டிலிருந்து காக்கும்.

குழு நிர்வாகியின் பொறுப்பு குறித்து ஆசிரியர்களிடையே தேவையற்ற அச்சமும் தேவையற்ற அலட்சியமும் ஒருசேர நிலவுகின்றன. உறுப்பினர் ஒருவர் பதிவிட்ட சட்டவிரோதச் செய்திக்காக நிர்வாகியை அவர் செய்யாத குற்றத்துக்குப் பொறுப்பாக்க முடியாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2021இலும், கேரள உயர் நீதிமன்றம் 2022இலும் கூறியிருக்கின்றன. ஆனால் அதோடு கடமை முடிந்துவிடவில்லை. மாணவி ஒருவரின் ஆபாசப் படம் குழுவில் வந்துவிட்டால், அதை "ஆதாரத்துக்காக" முதல்வருக்கும் சக ஆசிரியருக்கும் அனுப்பிவைப்பதே இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின் கீழ்த் தனிக் குற்றமாகலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, இத்தகைய குற்றத்தைக் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிப்பதைக் கட்டாயமாக்குகிறது. தன் கீழ்ப் பணிபுரிபவரின் குற்றத்தைத் தெரிவிக்கத் தவறும் நிறுவனத் தலைவருக்கு 21ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வழிவகுக்கிறது. பள்ளியின் பெயர் கெடும் என்று படத்தை அழித்துவிட்டு அமைதி காப்பதும், பரபரப்பில் பத்துப் பேருக்கு அனுப்புவதும் ஒன்றுக்கொன்று குறையாத தவறுகள். படத்தை எவருக்கும் அனுப்பாமல், நேரமும் அனுப்பியவர் எண்ணும் குறித்துக்கொண்டு, உடனே காவல்துறையிடம் செல்வதே வழி.

மாணவர்கள் தாங்களே தொடங்கும் குழுக்களில் நடப்பதற்காகத் தண்டனை தரும் முன்னும் பள்ளி நிதானிக்க வேண்டும். அமெரிக்காவின் மஹனாய் வழக்கில், வார இறுதியில் பள்ளிக்கு வெளியேயிருந்து ஸ்னாப்சாட்டில் பள்ளியைத் தகாத சொற்களால் திட்டிய மாணவியை உற்சாகமூட்டும் அணியிலிருந்து ஓராண்டு விலக்கியது தவறு என்று உச்ச நீதிமன்றம் 2021இல் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, கடுமையான கொடுமைப்படுத்தலிலும் மிரட்டலிலும் பள்ளி தலையிடலாம் என்பதையும் ஒப்புக்கொண்டது. பள்ளியைத் திட்டுவது வேறு, சக மாணவரை வதைப்பது வேறு என்ற இந்த வேறுபாடு எல்லா நாட்டுப் பள்ளிகளுக்கும் பொருந்தும் என்பது என் கருத்து.

இனி, செயலிக்குள்ளேயே இருந்தும் பள்ளிகள் தொடாமல் விட்டிருக்கும் வசதிகளைப் பார்க்கலாம். பல குழுக்களை ஒரே குடையின்கீழ் இணைக்கும், 2022இல் வந்த 'கம்யூனிட்டி' அமைப்பின் அறிவிப்புக் குழுவில் நிர்வாகிகள் மட்டுமே அறிவிப்பு வெளியிட முடியும். உறுப்பினர் எண்கள் பிற உறுப்பினர்களுக்குத் தெரிவதில்லை. மேலே சொன்ன முதல் சிக்கலை இந்த ஒரு மாற்றமே பெருமளவு தீர்த்துவிடுகிறது. 2023இல் வந்த 'சேனல்' என்ற ஒருவழி அறிவிப்பு வசதியில் பின்தொடர்பவரின் எண் நிர்வாகிக்கும் தெரியாது. ஆனால் சேனல் பொதுவெளியைச் சேர்ந்தது, மறையாக்கமும் அதற்கு இல்லை. எனவே சேர்க்கை அறிவிப்புக்கு அது பொருந்தும். வகுப்புச் செய்திக்குப் பொருந்தாது. 2025இல் சேர்க்கப்பட்ட மேம்பட்ட உரையாடல் தனியுரிமை அமைப்பை இயக்கினால், உரையாடலைக் கோப்பாக வெளியே எடுப்பதும் படங்கள் தாமாகச் சேமிப்பகத்துக்குள் இறங்குவதும் தடுக்கப்படுகின்றன. இருந்தாலும் திரையைப் படமெடுக்க நினைப்பவரின் கையை எந்த அமைப்பாலும் பிடிக்க முடியாது. மறையும் செய்திகள் என்ற வசதியைப் பள்ளி பயன்படுத்தவே கூடாது என்று கருதுகிறேன். 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ அழியும் செய்தி, பின்னாளில் பள்ளி தன் தரப்பை நிறுவத் தேவைப்படும் ஒரே சான்றாக இருக்கக்கூடும்.

ஆக, எவருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? பள்ளிக்கெனத் தனி எண்ணும் தனிக் கைபேசியும் வாங்கி, குறைந்தது இரண்டு நிர்வாகிகளை அமர்த்தி, அறிவிப்புக் குழுவை மட்டும் நடத்தி, ஒவ்வொரு அறிவிப்பின் நகலையும் பள்ளிப் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ளும் பள்ளிக்குத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். படங்களுக்கு வேறு ஏற்பாடு வேண்டும்: பெற்றோர் கடவுச்சொல்லோடு உள்ளே வந்து பார்க்கும் பக்கம், அதில் ஒப்புதல் தந்த குழந்தைகளின் படங்கள் மட்டும், அதுவும் முழுப்பெயர் இல்லாமல். ஒப்புதல் படிவத்தில் அச்சிதழ், இணையதளம், சமூக ஊடகம் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்பதும், பெற்றால் குழந்தை எந்த நிகழ்ச்சியிலிருந்தும் ஒதுக்கப்படாது என்பதும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மதிப்பெண், கட்டண நிலுவை, ஒழுங்கு நடவடிக்கை, உடல்நலம் ஆகிய நான்கும் எந்தக் குழுவிலும் வரக் கூடாது.

இவற்றைச் செய்ய இயலாத பள்ளி, குறுஞ்செய்திச் சேவையையும் அச்சிட்ட சுற்றறிக்கையையும் தொடர்வதே நல்லது. ஏற்கெனவே குழு நடத்திவருபவர்கள் கல்வியாண்டு முடியும் வாரத்தில், உறுப்பினர் அனைவரையும் விலக்கிக் குழுவை மூடிவிட்டு, அடுத்த வகுப்புக்குப் புதிய ஒப்புதலோடு புதிய குழுவைத் தொடங்க வேண்டும். பள்ளியை விட்டுச் சென்ற குடும்பங்களும் பணியிலிருந்து விலகிய ஆசிரியர்களும் ஆண்டுக்கணக்கில் உறுப்பினர்களாகத் தங்கியிருக்கும் குழுக்களே நான் பார்த்தவற்றில் அதிகம்.